காற்றுக்கு ஒரே பக்கம்

சுருளிப்பட்டி பூமாரிக்குத் தெரிந்த காற்றுக்கு ஒரே பக்கம்தான். ஆனி பிறந்தால் மேற்கு மலையிலிருந்து இறங்கும். ஆடியில் திராட்சைப் பந்தலைப் பிடித்து உலுக்கும். கூடவே சாரலைக் கூட்டி வரும். அதற்குப் பயந்தே அவள் வீட்டின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. காற்று நின்றதா, பெண்களெல்லாம் கிளம்பித் தோட்டத்துக்குப் போய், விழுந்த கொடிகளைத் தூக்கிக் கட்டுவார்கள். நின்ற காற்று அன்றைக்கே மறுபக்கத்திலிருந்து திரும்பி வரும் என்று அந்த ஊரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பூமாரி ஆண்டிபட்டியைத் தாண்டிப் போனதில்லை. ஆத்தா செத்தபோது தங்கச்சி விஜி தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் பூமாரி. அதனால் விஜி விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். எந்தப் பாவாடை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த மாப்பிள்ளை, எல்லாம் அவள் சொல்தான். இரண்டாயிரமாவது வருஷம் மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை, கம்பத்துக்குத் திராட்சை ஏற்ற வரும் லாரி டிரைவர். விஜி அவர் ஊரான கடலூர் முதுநகருக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜேசுராஜ் கோயிலுக்குப் போய்விட்டு வந்து டெலிபோன் பூத்தைத் திறந்ததும் பூமாரி போய் உட்கார்ந்துகொள்வாள். விஜியின் தெருவில் கஸ்தூரியம்மாள் என்ற அம்மா வீட்டில் போன் இருந்தது. அங்கிருந்து விஜி பேசுவாள். பேச்சு முக்கால்வாசி வானத்தைப் பற்றித்தான்.

"சித்திரையில தீயா கொதிக்குதுக்கா. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து வந்தாத்தான் உசுரு வருது."

"காத்து மலையில இருந்துல்ல வரும். கடல்ல இருந்து எப்பிடிடி வரும்?"

ஆடியில் சொன்னாள்: "வேர்த்து ஊத்துதுக்கா. துவைச்ச துணி உப்புப் பிசுபிசுப்போட காயுது."

"ஆடியில வேர்க்குதா? உனக்குக் காய்ச்சல். கசாயம் வச்சுக் குடி."

புரட்டாசியில் ராத்திரியானால் இடி என்றாள். ஐப்பசியில், விடாமல் ஊற்றுகிறது, கடல் இரைவது வீட்டுக்குள் கேட்கிறது, பயமாக இருக்கிறது என்றாள்.

"ஐப்பசி மழை இங்கனயுந்தான் பெய்யுது. பெஞ்சா விட்டுரும். போடி பயந்தாங்கொள்ளி," என்று சொல்லி வைத்துவிட்டாள் பூமாரி.

கார்த்திகையில் ஒருநாள் காலைச் செய்தியில், புயல் கடலூரை நோக்கி வருகிறது என்றார்கள். பூமாரி கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு ஜேசுராஜ் கடைக்கு ஓடினாள். அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. அவரும் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆகும்போதுதான் லைன் கிடைத்தது. கஸ்தூரியம்மாள், தெருக்காரர்களெல்லாம் எதிர்த்த பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி, விஜியைக் கூப்பிட்டு விட்டாள்.

"அக்கா!" விஜிக்கு மூச்சு வாங்கியது. "காலையில இருந்து ஆட்டி எடுத்துருச்சு. ஓடெல்லாம் பறந்துச்சு. அவுக லாரியோட சிதம்பரத்துல மாட்டிக்கிட்டாக."

"இப்ப எப்பிடி இருக்கு?"

"இப்ப நின்னுருச்சுக்கா. ஒரு இலை ஆடல. வெளிச்சங்கூட வந்துருச்சு."

பூமாரிக்கு உயிர் திரும்பியது. "அப்பறம் என்ன? விட்டுப்போச்சு. ஈரத்தோட ஊர்க்காரவுக கூட எதுக்குக் கிடக்குற? வீட்டுக்குப் போ."

"போகக்கூடாதுங்கிறாகக்கா."

"அவுகளுக்கு என்ன தெரியும்? காத்து எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு?"

"வடக்க இருந்து."

"அப்ப தெக்கு ரூம்புல போய்ப் படு. கதவச் சாத்திக்க. நான் சொல்றதக் கேப்பியா, அவுக சொல்றதக் கேப்பியா?"

"சரிக்கா" என்றாள் விஜி.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால், ஜேசுராஜ் பேயறைந்த மாதிரி நின்றார். அவர் சம்சாரம் நாகப்பட்டினத்துக்காரி.

"என்னக்கா காரியம் பண்ணிட்டீக! புயல்ல நடுவுல ஓஞ்ச மாதிரி நிக்கும். அது பாதிதான். மிச்சம் எதிர்ப்பக்கம் இருந்து வரும்க்கா. இன்னும் மூர்க்கமா வரும். எங்க மாமனார் வீட்டுல ஆள் போனது அப்பிடித்தான்."

"சும்மா பயங்காட்டாத தம்பி. நின்ன காத்து எங்க இருந்து வரும்?"

வாய் அப்படிச் சொல்லும்போதே ரிசீவரை எடுத்து அவர் கையில் திணித்தாள். "போடு, இன்னொருக்கப் போடு," என்றாள். அவர் அழுத்தினார். மணி போகவில்லை. மறுபடி அழுத்தினார். ரிசீவரில் செத்துப்போன அமைதி.

வெளியே வந்து நின்றாள். அப்போதுதான் அது நடந்தது. ரோட்டோரத் தென்னைகள் என்றைக்கும் சாயாத பக்கமாக, மலையைப் பார்த்துச் சாய்ந்தன. கிழக்கேயிருந்து ஒரு குளிர்ந்த காற்று அவள் முதுகில் அறைந்து, சேலையை முன்னால் தள்ளியது. கார்த்திகையில் இப்படிப் பல தடவை வீசியிருக்கலாம்; அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தாள். தெற்கு அறையும், சாத்திய கதவும், அதற்குள் தனியாக ஒரு பிள்ளையும் கண்ணுக்குள் வந்து நின்றன. நானே அடைச்சு வச்சுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் புருஷன் செல்லப்பாண்டி வந்து தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கொடியில் காய்ந்த துணி அசைந்தால்கூட எழுந்து உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டால், "தெக்கு ரூம்புன்னு நான்தான் சொன்னேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. கடலூர் பஸ் ஏறப் போகிறேன் என்று மறுநாள் கிளம்பினாள். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடக்கிறது, பஸ் போகாது என்று டெப்போவில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகாமல் பூத் வாசலிலேயே கிடந்தாள்.

லைன் வர இன்னும் ஒருநாள் ஆனது. மணி அடித்ததும் ஜேசுராஜ் எடுத்து, கேட்டு, ரிசீவரை நீட்டினார். அதை வாங்கக் கை வரவில்லை. அவரே அவள் காதில் வைத்தார்.

"அக்கா, நான்தான்."

பூமாரி ஜேசுராஜ் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"தெக்கு ரூம்பு..." என்றாள் எப்படியோ.

"அது விழுந்துருச்சுக்கா. தெக்க இருந்துதான் திரும்ப வந்துச்சு. சுவரு அப்பிடியே கட்டில் மேல கிடக்கு."

"நீ?"

"நான் எங்கக்கா போனேன்? பள்ளிக்கூடத்துலதான் இருந்தேன்."

"சரின்னு சொன்னியேடி!"

"சொல்லாட்டி நீ விட்டிருப்பியா? கத்திக்கிட்டே இருப்ப. அதான் சும்மா சரின்னேன்."

பூமாரி பூத்தின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை தன் சொல்லை மீறிப் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தாள். இதற்கு முன்னால் எத்தனை 'சரிக்கா' இப்படி என்று ஒரு கணம் மனசு ஓடியது. ஓடியதைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, கோவமா?"

"கோவந்தான். என்கிட்டயே பொய் சொல்றியா? பொங்கலுக்கு வா, இருக்கு உனக்கு. அதுவரைக்கும் அங்கன உள்ளவுக சொல்றதக் கேளு. நான் என்ன சொன்னாலும் கேக்காத."

"சரிக்கா," என்றாள் விஜி.

"ஏண்டி, இந்தச் சரி எந்தச் சரி?"

மறுமுனையில் விஜி சிரிக்கும் சத்தம் கேட்டது. பூமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.