மார்க் அடித்தவனின் பெயர்

நான் எழுதியதை எடுத்து, என் பெயர் இல்லாமல் போட்டுக்கொண்டார்கள். எடுத்தவர்கள், எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிறவர்கள். என் ப்ளாக்கில் இருந்த பன்னிரண்டு பதிவுகள் இன்று அவர்களுடைய இணையதளத்தில் வரிக்கு வரி இருக்கின்றன. ஒன்று ஹோட்டல் சுவரிலும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதற்கு நான் செய்த விளம்பரம் போதும்.

தார் மாதிரி ஒரு வாசனை... இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தேயிலை ஃபேக்டரியின் கடைசி அறையில் எனக்கு வேலை. தேயிலை நிரப்பிய பைமேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து, கறுப்பு மை பூசித் தோட்டத்தின் பெயரைப் பதிக்க வேண்டும். அதைத்தான் மார்க் அடிப்பது என்போம். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடும்போது கையில் அந்த வாசனை இருக்கும்.

மார்க் இல்லாமல் ஒரு பை வெளியே போகக் கூடாது. அடித்தவன் பெயர் அதில் இருக்கவும் கூடாது. முப்பது வருஷம் எனக்கு அதுதான் சட்டம்.

ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவி லூர்தம்மாவும் நுவரெலியா ரோட்டு வளைவில் ஒரு தேத்தண்ணிக் கடை போட்டோம். இஞ்சித் தேத்தண்ணி, ரொட்டி, கட்டச் சம்பல். வாகனங்கள் வரும்... ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

தலவாக்கலையில் போன், இன்டர்நெட், அச்சு எல்லாம் உள்ள கம்யூனிகேஷன் கடை வைத்திருந்த ஜெசிந்தாதான் ஒரு படத்தைக் காட்டினாள்.

"ஐயா, ப்ளாக் எழுதுங்க. படிச்சவங்க கடையத் தேடி வருவாங்க."

"நான் எழுதினா வண்டி நிக்குமா புள்ள?"

"நிக்கும். இதப் பாருங்க."

அதன் பெயர் இன்ஃபோகிராஃபிக் என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாம் ஆங்கிலம். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பைமேல் அடித்த எழுத்துகள்தான். ஆனால் படம் பேசியது. மேலே அகலமான வாய், கீழே ஒடுங்கிய குழாய். மேலே கூட்டமாகச் சின்னச் சின்ன மனிதர்கள். நடுவில் கொஞ்சம் பேர் படிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். அடியில் ஒரே ஒருவர், கையில் பையோடு.

மூன்று தாளில் அச்செடுத்து ஒட்டி, நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுச் சுவரில் மாட்டினேன். இரண்டு வாரம் பார்த்தேன். ஒரு நாள் காலையில் பிடிபட்டது... இது எங்கள் ஃபேக்டரி!

மேல்மாடியில் மலை மலையாகப் பச்சைக் கொழுந்து. அவசரப்படாமல் வாட விட வேண்டும். பிறகு கீழே இறங்கி உருளும், காயும், சலிக்கும். கடைசியில் பையில் விழுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அவ்வளவு கொழுந்து. எழுத்தும் அப்படித்தான். நூறு பேர் படித்தால் ஒருவர் கடை வாசலில் நிற்பார். "தேத்தண்ணி வாங்க வாருங்கள்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். கொழுந்து வாடும்போது வரும் மணத்தை எழுத வேண்டும். தேத்தண்ணியை அவர்களே கேட்பார்கள்.

ஒற்றை விரலால் தட்டி எழுதினேன். ஐந்தாறு மாதத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய அம்மா, "கொழுந்து வாசத்தைப் பற்றி எழுதினவர் நீங்களோ?" என்றார். லூர்தம்மா ரொட்டியைக் கருகவிட்டாள்.

அந்தப் படத்தில் ஒரு மூலையை மட்டும் நான் சரியாகப் பார்க்கவில்லை. எழுதியவரின் முகம், அதன் கீழே அவர் பெயர். ஜெசிந்தா அப்போதே சொன்னாள்.

"ஐயா, ஒங்க பேரு எங்க?"

"பேரு எதுக்கு? மார்க் அடிச்சவன் பேரையா தேயிலை பையில எழுதுறாங்க?"

ஒவ்வொரு பதிவின் அடியிலும் தோட்டத்தின் பெயரைத்தான் போட்டேன். கை பழகியிருந்தது.

போன மாதம் அந்த ஹோட்டல் சுவரில் என் வரிகளைப் படித்துவிட்டு மேனேஜரிடம் போனேன். சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இதுல எங்க தோட்டத்துப் பேருதான இருக்கு? ஒங்க பேரு எங்கயாச்சும் இருக்குங்களா?"

இல்லை. எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். லூர்தம்மா சிரித்தாள். "ஊருக்கெல்லாம் மார்க் அடிச்சீங்க. ஒங்களுக்கு ஒண்ணு அடிச்சிக்கத் தெரியலியே!"

அன்று வளைவில் வேன் நின்றது. இன்று அதே வரிகளைப் படித்துவிட்டு வேன்கள் நேரே பங்களாவுக்கு ஏறுகின்றன. மேல்மாடியில் என் கொழுந்து. கீழே பை பிடிப்பவர்கள் அவர்கள்.

எனவே நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு பதிவுகளின் கீழும் 'எழுதியவர் சூசைமுத்து, வளைவுத் தேத்தண்ணிக் கடை' என்று மேனேஜர் போட வேண்டும். மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள் வரை நேரம் தருகிறேன். அது என் பெயருக்கு உரிய புனிதரின் நாள். இணையதளத்தைச் செய்து கொடுத்த கொழும்புக்காரர்கள், எழுதியது யார் என்று கேட்காமல் இனி எதையும் எடுக்கக் கூடாது. என் பழைய பதிவுகளைப் படித்தவர்கள் இந்தப் பதிவின் கீழே ஒரு வரி சாட்சி சொல்ல வேண்டும். ஜெசிந்தா பழைய தேதிகளோடு எல்லாவற்றையும் அச்செடுத்துத் தர வேண்டும், தருவதாகச் சொல்லிவிட்டாள்.

என் பங்கு வேலையை ஆரம்பித்துவிட்டேன். பழைய தகரத்தில் புதிய தகடு வெட்டுகிறேன். முதல் தடவையாக என் பெயர். கடைப் பலகையில் அடித்துப் பார்த்தேன், எழுத்து நன்றாக விழுகிறது.

திருநாள் தாண்டியும் அந்த ஹோட்டல் சுவர் அப்படியே இருந்தால், தகட்டோடும் மையோடும் பட்டப்பகலில் போவேன். பதிவுக்குக் கீழே, வலது மூலையில் இடம் இருக்கிறது. அளந்துவிட்டேன்.