சித்தி கையில் நான் போட்ட கட்டு

எங்கள் ராஜபாளையத்தில் இரவு வேலைக்குப் போகிற பெண்ணை யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. நூற்பாலைகளில் மூன்று ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் காலையில் வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். தெருவில் சத்தம் போடும் பிள்ளைகளுக்குத்தான் திட்டு விழும். அதனால் பெங்களூரில் இருக்கும் தன் தங்கைக்கு நைட் ஷிஃப்ட் என்று அம்மா சொன்னபோது, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சித்தியிடம் அதற்குமேல் கேட்டதில்லை. ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள்.

உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது நான் நாலாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை காலையில் பஸ்ஸில் வந்து இறங்கிய சித்தி, நான் நச்சரித்த நச்சரிப்பில் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். நீலமும் சிவப்புமாக வெளிச்சம். கீழே ஒரே கூட்டம், எல்லாரும் குதிக்கிறார்கள். மேலே ஒரு மேடையில் காதில் ஹெட்ஃபோனோடு எங்கள் சித்தி, ஏதோ குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தாள். அது நைட் கிளப்பாம். அவள் அங்கே டிஜேயாம்.

சினிமாவில் நான் பார்த்த நைட் கிளப் எதிலும் நல்லவர்கள் யாரும் வேலை பார்த்ததில்லை. வில்லன் உட்கார்ந்திருப்பான், பாட்டில் உடையும், கடைசியில் போலீஸ் வரும். சித்தியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமா என்று கேட்டேன். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நம்ம ஊர்ப் பொங்கல்ல கொட்டு அடிக்காவல்லா, அதே வேலைதாட்டி. வாரம் பூரா ஆபீஸ்ல குனிஞ்சு கெடந்துட்டு வாராக. ஆட்டத்த ஏத்தணும்னா நான் ஏத்தணும், எறக்கணும்னா நான் எறக்கணும்."

அப்படியென்றால் அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. கல்யாணம் முடிவாகட்டும், தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். பிறகு பேச்சை மாற்றுவதற்காக ஒரு வித்தை காட்டினாள். பையிலிருந்து விரல் நீள ஊதா டார்ச் ஒன்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் அடித்தாள். வெறும் தோலாக இருந்த இடத்தில் ஆந்தை முத்திரை ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. உள்ளே வருகிறவர்களுக்கு வாசலில் குத்தும் முத்திரையாம். ஊதா விளக்கில்தான் தெரியுமாம்.

வித்தையை ரசித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் ஞாபகம் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போவதாக இருந்தது. அம்மா வழக்கமாகப் பால்கோவா வாங்கும் கடைக்காரர் வீட்டு மகனுக்குச் சித்தியைக் கேட்டிருந்தார்கள். முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சும்மா ஒரு பார்வை. நாங்கள் கோயிலுக்குப் போவோமாம், தரிசனம் முடிந்து தற்செயலாகக் கடைக்குப் போவோமாம், அவர்களும் தற்செயலாக அங்கே இருப்பார்களாம். இந்தத் தற்செயலுக்காக அம்மா ஒரு வாரமாகப் புடவை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். தாத்தாவும் ஆச்சியும் இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவள் அவள்தான். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. சித்திக்கும் இந்த இடம் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் போட்டோவை அவள் செல்லில் தள்ளித் தள்ளிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கடையின் சுவரில் ஈ பிடிக்கிற விளக்கு ஒன்று இருந்தது. ஊதா விளக்கு. போன தடவை அதன் அடியில் நின்றபோது என் வெள்ளைப் பள்ளிச் சட்டை பளீரென்று மின்னியிருந்தது. அதன் அடியில் சித்தி கையை நீட்டினால் ஆந்தை தெரியும். ஆந்தை தெரிந்தால் நைட் கிளப் தெரியும். அப்புறம் கல்யாணம் எங்கே நடக்கப்போகிறது?

அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. விடிந்ததும் வழி கிடைத்துவிட்டது. அப்பா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப்போடும் துணி எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆகும்: காப்பி வடிகட்ட, ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்ட, என் பொம்மைக்குப் புடவை உடுத்த. ஒரு சுருளை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போய் கையை நீட்டச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும், "அட கோட்டி, எவ பாக்கப்போறா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

நாலு சுற்று, அதற்குமேல் நாலு சுற்று. அவசரத்தில் முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது. அம்மா கேட்டதற்கு, சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், சுளுக்கு என்றேன். அப்படிச் சொல்லியிருப்பதைச் சித்தியிடம் சொல்ல மறந்துபோனேன்.

கோயிலில் என்ன வேண்டினேன் என்று சொல்லத் தேவையில்லை. கடைக்குள் நுழைந்ததும் முதலில் விளக்கைத்தான் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. சித்தியை நேரே அதன் அடியில் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஆந்தை தெரியவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் கடையிலேயே பளிச்சென்று தெரிந்தது நான் போட்ட கட்டுதான். தட்டில் பால்கோவாவோடு வந்த மாப்பிள்ளையின் அம்மா அதையே பார்த்தார்.

"கையில என்னம்மா?"

"கொழம்புச் சட்டி சுட்டுருச்சு," என்றாள் சித்தி.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா," என்றாள் அம்மா, அதே நொடியில்.

மாப்பிள்ளை தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அவருடைய அம்மா சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவுத்துக் காட்டும்மா, செத்தப் பாப்போம்," என்று அவர் முடிச்சில் விரலை வைத்ததுதான் தாமதம், "அவுக்காதீய!" என்று நான் கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்காமல் அழவும் செய்தேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். சித்தியிடம் தணிந்த குரலில், "இந்தச் சம்பந்தத்துல உனக்குச் சம்மதந்தானாம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார். சித்தி சம்மதம் என்றுதான் சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுக்கும் கட்டாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. முடிச்சு அவிழாமல் தப்பியதே பெரிது என்றிருந்தது.

நாலு நாள் கழித்து, ஜாதகம் சரியாக வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் பார்த்துப் பொருந்திய பிறகுதான் கோயிலுக்கே போனோம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆந்தைதான் தெரியவில்லையே!

பல வருஷம் கழித்து, கல்லூரி விடுதியில் பக்கத்து அறைப் பெண் ஒரு நாள் மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கையை அறுத்துக்கொண்டாளாம் என்று எல்லாரும் கிசுகிசுத்தார்கள். கல்யாணம் பேசும் பெண்ணின் மணிக்கட்டில் கட்டு இருந்தால் உலகம் அதை எப்படி வாசிக்கும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. உடனே சித்திக்குப் போன் செய்தேன். நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "அந்த மனுசனுக்கு நான் டிஜேங்கிறது மொதல்லயே தெரியும்டி, நாந்தான் சொல்லியிருந்தேன். கட்டுக் கதையையும் பொறவு சொன்னேன். அவரு நம்புனாரு, அவிய அம்மா நம்பல," என்றாள். பின்னால் அந்த கிளப்பின் பாட்டு மெதுவாகக் கேட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறாள், தனியாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பியதும் நானே சித்தியின் கட்டைப் பிரித்தேன். டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தேன். ஆந்தையைக் காணவில்லை. காலையில் சோப்புப் போட்டுக் குளித்ததிலேயே போயிருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "பாத்தியா, என் கட்டுல போயிருச்சு!" என்று குதித்தேன். சித்தி என் தலையில் கையை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.