ஓரகத்தியின் கிளாரினெட்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்குள் பொருந்தும்படி தேய்த்துக் கொடுப்பது அவளுடைய வேலை. சாயங்காலம் ஆனால் நகர மண்டபத்து வாத்தியக் குழுவில் புல்லாங்குழல். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாற்காலி அவளுடையது. "நீங்க வரலைன்னா ஒத்திகையைத் தள்ளி வெச்சிரலாம்மா" என்று மாஸ்டரே சொன்ன காலம் உண்டு. எல்லாம் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும்தான்.

புதிதாக வந்த ஓரகத்தி பெட்டி படுக்கையோடு ஒரு கிளாரினெட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, நானும் உங்ககூட குழுவுக்கு வரட்டுமா?" என்று அவள் கேட்டபோது, முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தானே கூட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தாள். கொஞ்ச நாளில் சாக்ஸபோன்காரருக்குக் காய்ச்சல் வந்தது. ஓரகத்தி அதையும் எடுத்து, ஏதோ வீட்டுச் சாமானைக் கையாளுகிற மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் வாசித்துவிட்டாள். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

"ஆளுக்கு ரெண்டு வாத்தியம் தெரிஞ்சா எவ்வளவு சௌகரியம் பாருங்க" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் கண் புல்லாங்குழல் நாற்காலிப் பக்கம் வந்துபோனது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கணவனிடம், "நானும் இன்னொரு வாத்தியம் கத்துக்கப் போறேன்" என்றாள்.

"நல்லதுதானே. எது?"

"இன்னும் முடிவு பண்ணல."

முடிவு எப்போதோ ஆகிவிட்டது.

வாத்தியக் கடைக்காரர் நல்ல மனிதர். நாலைந்தை எடுத்து மேசைமேல் பரப்பினார். அவள் நேரே கிளாரினெட்டைத் தொட்டதும் தயங்கினார். "இதை வாயில கவ்விப் பிடிக்கணும்மா. உங்க குழலுக்கு உதடு இளகி இருக்கணும். ரெண்டையும் புதுசா ஒண்ணா சாதகம் பண்ணினா குழல் கொஞ்ச நாள் மக்கர் பண்ணும். வேற ஏதாவது பாருங்களேன்."

"இல்ல, இதுதான் வேணும்."

வீட்டில் யாருக்கும் தெரியாமல் பழகவேண்டும். அதனால் மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது பின்னறைக் கதவைச் சாத்தி, வில்லை தேய்க்கும் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் ஊதினாள். ஆனாலும் கடை முதலாளி ஒருநாள் கதவைத் தட்டி, "உள்ள வாத்துக் கழுத்தை யாராவது நெரிக்கிறாங்களா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை. ஓரகத்தியும் இப்படித்தான் தொடங்கியிருப்பாளா, அல்லது பிறக்கும்போதே ஊதிக்கொண்டு வந்தாளா என்பதுதான் அவள் யோசனையாக இருந்தது.

வாத்தியக் கடைக்காரர் சொன்னது பலித்தது. கிளாரினெட் வந்தபாடில்லை, குழல் கைவிட்டுப்போனது. ஆண்டுவிழாவுக்கான ஒத்திகையில் அவளுடைய தனி வாசிப்பு பாதியில் உடைந்தது.

"என்னம்மா, வெறும் காத்துதான் வருது?" என்றார் மாஸ்டர். மறுபடி முயன்றாள், மறுபடியும் காற்று. "சரி, இந்த இடத்தைக் கிளாரினெட் வாசிக்கட்டும்."

ஓரகத்தி சங்கடத்தோடு இவளைப் பார்த்துவிட்டு வாசித்தாள். மோசமாக வாசித்திருந்தால் மன்னித்திருக்கலாம். அத்தனை அழகாக வாசித்தாள்.

விழா நாளன்று, மேடை ஏறுவதற்குச் சற்று முன், பக்கத்து அறையில் ஓரகத்தி பதறிக்கொண்டு நின்றாள். கிளாரினெட்டின் வாயில் வைத்துக் கட்டும் மெல்லிய நாணல் சீவல், ரீட் என்பார்களே, அது விரிசல் விட்டிருந்தது. வேறு ரீட் இருந்த டப்பாவை வீட்டில் மறந்து வந்திருந்தாள்.

"அக்கா, யார்கிட்டயாவது ரீட் இருக்குமா? உங்களுக்குத் தெரியுமா?"

இவளுடைய கைப்பையிலேயே இருந்தது, புதிதாக, பிரிக்காத பெட்டி.

"குழல்காரிகிட்ட ரீட் கேட்டா நான் எங்க போவேன்?" என்றாள்.

மேடையில் அந்தத் தனி இடம் வந்தது. இரண்டாவது வரியில் கிளாரினெட் கிறீச்சிட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓரகத்தியின் காது சிவந்தது. நிறுத்தாமல் வாசித்து முடித்தாள். குழலை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே சில்லென்று ஒரு சந்தோஷம் பாய்ந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளே மிரண்டுபோனாள். மாஸ்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஓரகத்தியின் பக்கம் திரும்பவே முடியவில்லை.

இடைவேளையில் பெட்டியைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஏதுக்கா இது?"

"என்னோடதுதான். உனக்குத் தெரியாம நானும் கிளாரினெட் பழகறேன்."

ஓரகத்தி பெட்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப, நான் கேட்டப்பவே உங்க பையில இருந்துச்சு."

"இருந்துச்சு."

"நான் என்னக்கா பண்ணினேன் உங்களுக்கு?"

ஒன்றும் பண்ணவில்லை என்பதுதான் உண்மை. ஓரகத்தி ரீட்டை எடுத்துக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. இரண்டாம் பாதியில் கிறீச்சிடாமல் வாசித்தாள். அதன்பிறகு வெகுநாள் இருவருக்கும் நடுவில் "உப்பை எடுங்க", "கதவைச் சாத்து" என்கிற அளவில்தான் பேச்சு.

கிளாரினெட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப வேற என்ன வேணும்?" என்றார் கடைக்காரர்.

"வாய்க்கு வேலையில்லாத எதாவது குடுங்க. எங்க குடும்பத்துல யாரும் தொடாததா இருக்கணும்."

அவர் சுவரோரம் சாய்த்துவைத்திருந்த, ஆளுயர வயலின் போன்ற செல்லோவைக் காட்டினார். காலுக்கு நடுவில் நிறுத்தி, வில்லால் தந்திமேல் இழுத்தாள். மரம் நெஞ்சுக்கு நேராக அதிர்ந்தது. சுருதி சேரவில்லை, ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை.

உதடு மெல்ல இளகி, குழல் பழையபடி பேசத் தொடங்கியது. ஒருநாள் ஒத்திகை முடிந்து ஓரகத்தி தானாகவே, "இன்னைக்கு நல்லா இருந்துச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

இவள் போகும் செல்லோ வகுப்பில் இவளோடு புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார்; ஓய்வுபெற்ற லாரி டிரைவர். இவளுக்கு வில் நாலாபக்கமும் வழுக்க, அவர் கையில் அது கோடு போட்டாற்போல நேராகப் போகிறது. ஒருநாள் வகுப்பு முழுக்க அவருடைய மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் பொருமினாள்:

"அந்த ஆளுக்கு மட்டும் எப்படிங்க அவ்வளவு நேரா வருது?"