துலிப் தோட்டத்தில் மூன்று மணிநேரம்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அரியரத்தினத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மரக்கறிக் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கியபடியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சுகம் விசாரிப்பார். எல்லாரோடும் இப்படிக் கதைக்கிற மனிதர் சொந்த அண்ணனோடு ஏழு வருடம் கதைக்காமல் இருந்தவர் என்பது ஒரு சிலருக்குத்தான் தெரியும்.

அது தகப்பனின் செத்தவீட்டில் வந்த பிரிவு. பாரிஸிலிருந்து இவர் முதலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹொலண்டிலிருந்த அண்ணன் தவரத்தினத்துக்கு விமானம் பிந்திவிட்டது. "மூத்தவன் நான். நான் வருமட்டும் ஐயாவை எடுக்காதையுங்கோ" என்று போனில் கெஞ்சினார். வெயில் கொடுமையாக இருந்தது. சொந்தக்காரர் நெருக்கினார்கள். அரியரத்தினம் தலையாட்டினார், கொள்ளியும் அவரே வைத்தார். மறுநாள் காலை வந்திறங்கிய அண்ணன் முற்றத்தில் நின்று, "ஒரு நாள் பொறுக்கேலாமல் போச்சோ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஏழாம் வருடச் சித்திரை மாதம் அந்த அண்ணனே போன் எடுத்தார். "ரத்தினம், அண்ணை கதைக்கிறன். ஞாயிறு மத்தியானம் கோசலையையும் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வா. பின்னேரம் எனக்கு வேலை இருக்கு, வெள்ளன வந்திடு." அண்ணன் டென் ஹாக் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர்.

பாரிஸ் புறநகரான திரான்சியில் இருந்த வீட்டிலிருந்து இருட்டோடு காரில் புறப்பட்டார்கள். மனைவி கோசலைக்குப் பல வருட ஆசையொன்று இருந்தது. டென் ஹாக்கிலிருந்து அரைமணி நேர ஓட்டத்தில், உலகமெங்குமிருந்து சனம் வந்து பார்க்கிற துலிப் மலர்க் கண்காட்சி. வசந்தத்தில் சில வாரங்கள்தான் திறந்திருக்கும். சாப்பாடு முடிந்து, அண்ணன் வேலைக்குப் போன பிறகு பார்க்கலாம் என்றுதான் பேசி வைத்திருந்தார்கள்.

பெல்ஜியத்தில் அன்ட்வேர்ப்பன் நகரம் தாண்டி ஒரு பெற்றோல் நிலையத்தில் கோப்பி குடிக்க நின்றபோது அரியரத்தினம் சொன்னார்: "முதல்ல பூவைப் பாத்திட்டுப் போவமே?"

கோசலை திடுக்கிட்டாள். "என்னப்பா விசர்க் கதை? அத்தான் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டெல்லே இருப்பார்."

"பின்னேரம் சனம் கூடிடும். ஒரு ஓட்டம் பாத்திட்டு வந்திடலாம்."

"எனக்குப் பூ வேண்டாம். அடுத்த வருசம் பாப்பம். இப்ப நேர வீட்டை போவம்."

"நீ எத்தினை வருசமாக் கேக்கிறாய்? இண்டைக்கு விட்டால் ஒருக்காலும் நடக்காது" என்றார் அவர். அந்த இடத்திலேயே கைபேசியில் நுழைவுச் சீட்டும் எடுத்துவிட்டார். இவ்வளவு பிடிவாதத்தைக் கோசலை அவரிடம் கண்டதில்லை. தனக்காகத்தான் செய்கிறார் என்று நினைத்துக் காரில் ஏறினாள்.

வயல் வயலாகப் பூக்கள். சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம், மை போன்ற ஒரு கறுப்பு. கோசலை வாய் திறந்தபடி நடந்தாள். அரியரத்தினம் அவளைப் படம் எடுத்தார். அவளறியாமல் அண்ணனுக்கு ஒரு செய்தியும் அனுப்பினார்: "வீதியில சரியான நெரிசல். பிந்தும்." ஒரு மணிநேரம் இரண்டானது, மூன்றானது. கோசலை புறப்படச் சொல்லும்போதெல்லாம், "அந்தப் பக்கம் இன்னும் பாக்கேல்லை" என்று அவர் வேறொரு பாதையில் திரும்பினார்.

அண்ணன் வீட்டு மணியை அழுத்தியபோது நாலு மணி. அண்ணனின் மனைவி, மச்சாள், கதவைத் திறந்தாள். மேசையில் நண்டுக்கறியும் புட்டும் மூடியிருந்தன.

"விடியவே போய் நண்டு வாங்கினவர். என்னை அடுப்படிக்குள்ள விடேல்லை, தானே சமைச்சவர். உங்களோட இருந்து சாப்பிடுவமெண்டு பாத்துக்கொண்டிருந்திட்டு, சாப்பிடாமலே வேலைக்குப் போட்டார்."

அரியரத்தினம் கதிரையில் உட்கார்ந்தார். நெரிசல் என்று தொடங்கினார்.

மச்சாள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோசலை வட்ஸ்அப்பில போட்ட படங்களை அவரும் பாத்தவர், தம்பி."

கோசலை கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவர் அண்ணனுக்குப் பொய் சொன்னதும், பூத்தோட்டம் தனக்காக இல்லை என்பதும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

இருவரும் ஏதோ சாப்பிட்டார்கள். மச்சாள் ஆறிய கறியைச் சூடாக்கித் தந்தும் அவர் பாதியில் எழுந்து கை கழுவினார். புறப்படும் நேரம் அண்ணனின் போன் வந்தது. எங்கோ கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு எடுத்திருந்தார்.

"பூ வடிவோ?"

"ஓம் அண்ணை."

"சரி. பாத்து ஓடு. இரவில கண் கூசும்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னர் அரியரத்தினம் சொன்னார்.

திரும்பும் வழியில் பெல்ஜியம் எல்லை வந்தது. கோசலை மெதுவாகக் கேட்டாள். "ஏனப்பா அப்பிடிச் செய்தனீங்கள்? அத்தான் ஏசிப்போடுவார் எண்டு பயமோ?"

"ஏசினால் பரவாயில்லை" என்றார் அரியரத்தினம். "ஐயா கடைசியா எப்பிடி இருந்தவர் எண்டு கேட்பார். கேட்டிட்டு எனக்கு முன்னால அழுவார். அதுக்குத்தான் பயந்தனான்."

இப்போது தீபாவளிக்கும் வருடப் பிறப்புக்கும் அவர் அண்ணனுக்குப் போன் எடுக்கிறார். அண்ணனும் எடுத்து மரியாதையாகக் கதைக்கிறார். குளிர் எப்படி, முழங்கால் எப்படி என்று பேச்சுப் போகும். வீட்டுக்கு வா என்று மட்டும் பிறகு அண்ணன் சொல்லவில்லை. வரட்டோ என்று கேட்க அரியரத்தினத்துக்கும் வாய் வரவில்லை.