கடப்பாவுக்குப் புறப்பட்ட தோணி

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டியது, ஒல்லாந்தர் கோட்டையில் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில். சளிக்கும் ஒல்லாந்தருக்கும் சம்பந்தம் கிடையாது. அவர்கள் துணி வாங்கக் கப்பலில் வந்தார்கள், சளி வாடைக்காற்றில் வந்தது. ஐப்பசியில் ஏரி மேல் வாடை ஏறினால் இவர் மூச்சும் கூடவே ஏறிவிடும். படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். வீட்டில் பூனை இல்லாத குறை எங்களுக்கு அப்படித் தீர்ந்தது. எலிகள் மட்டும் ஏமாறவில்லை.

தை மாதத்தில் திருப்பாலைவனத்து வைத்தியரை அழைத்து வந்தோம். அவர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நான் பொரித்து வைத்திருந்த மீனைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வியாதியைச் சொன்னார்.

"உனக்கு இந்த ஈரக்காத்து ஆவாதுப்பா. வெயில் சீமையா பார்த்துக் குடி போயிடு. கடப்பா பக்கம் போனீன்னா கல்லு வெடிக்கிற வெயிலு. சளி காஞ்சி கருவாடாப் பூடும்."

"நீங்க கடப்பா போயிருக்கீங்களா வைத்தியரே?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கும்மா போவணும்? எனக்கு சளி இல்லியே."

அன்று மாலைக்குள் குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கடப்பாவைக் கண்ணால் பார்க்காத ஆட்கள் எல்லாரும் வந்து அந்த ஊரின் வெயிலைப் புகழ்ந்தார்கள். அங்கே சோற்றை உலையில் வைக்க வேண்டாமாம், கூரை மேல் வைத்தால் போதுமாம். எல்லாரையும் விட அதிகமாகப் புகழ்ந்தவர் இவருடைய அண்ணன்.

"தம்பி உசுருதான் எனக்கு முக்கியம். நாளைக்கே கிளம்பட்டும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணீர் எங்கே ஊறியது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஏரியில் பாடு என்கிற முறையைச் சொல்ல வேண்டும். ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் கழி நட்டு வலை கட்ட முடியாது. எந்த இடம் எந்த நாளில் எந்த வீட்டுக்கு என்று பங்குனியில் அம்மன் கோயில் வாசலில் சீட்டு எடுப்பார்கள். கல்யாணம் ஆன ஆண்பிள்ளை தானே வந்து நின்று, தன் கையால் எடுக்க வேண்டும். பெண்டாட்டி போய் நிற்க முடியாது, ஆள் அனுப்ப முடியாது. ஊரை விட்டுக் குடி போனவனுடைய பாடு அவன் அண்ணன் தம்பிக்குப் போகும். போனது போனதுதான். திரும்பி வந்து கேட்டால், உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள், பாடு கொடுக்க மாட்டார்கள்.

இவருக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன்.

அதனால் நான் அப்போதே சொல்லிவிட்டேன். "ஏய்யா, முதல்ல வேலையைக் காட்டு. அப்புறமா வெயிலைக் காட்டு. வேலை இல்லாம நான் கூரையைப் பிரிக்க மாட்டேன்."

"போனா அங்க கிடைக்கும்மே."

"அங்க போயி இல்லன்னு தெரிஞ்சா இங்க இன்னா கிடைக்கும்?"

என் மாமியாரையும் துணைக்கு இழுத்தேன். "அத்தை, கோட்டையில கீற ஒல்லாந்துக்காரனைப் பாருங்க. குளிர்ந்த ஊர விட்டுட்டு வெயில் ஊருக்கு வந்தவன்தானே. வேலையை உறுதி பண்ணிக்காம கப்பல் ஏறினானா?"

"ஏறல. உறுதி பண்ணிக்கினுதான் வந்தான்" என்றாள் மாமியார். "பாதிப் பேரு அதோ, எலும்புக்கூடு செதுக்கின கல்லுக்குக் கீழ படுத்துக்கினு கீறான்."

மாமியாரைத் துணைக்கு அழைத்தால் அப்படித்தான்.

கோட்டைத் துறையில் மேற்கத்தி வண்டிகள் வந்து துணிப் பொதிகளை இறக்கிவிட்டு, உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்பும். இவர் தினமும் அங்கே போய் வேலை கேட்க ஆரம்பித்தார். வேட்டியை வெளுத்துக் கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, மீன் வாசனை தெரியாமல் இருக்கத் தாழம்பூவை மடியில் செருகிக்கொண்டு போவார். மீனும் தாழம்பூவும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. அதற்கு மீனே தேவலை.

முதலில் ஒரு துணி வியாபாரியைப் பிடித்தார். உனக்கு நெய்யத் தெரியுமா, சாயம் போடத் தெரியுமா என்று அவன் கேட்டிருக்கிறான். தெரியாது என்றிருக்கிறார். பிறகு என்னதான் தெரியும்?

"காத்து தெரியும்னு சொன்னேன்" என்றார் என்னிடம்.

"அதுக்கு இன்னா சொன்னான்?"

"எங்க ஊர்ல அது அடிக்கிறதே இல்லன்னுட்டான்."

இன்னொருவன் ஏர் ஓட்டுவாயா என்று கேட்டதற்கு, "தோணி ஓட்டுவேன், ரெண்டும் முன்னாலதானே போவுது" என்று இவர் சொல்லி, அவன் சிரித்து, வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டான். வேலை தராத ஆட்கள் எல்லாரும் வெற்றிலை கொடுத்தார்கள். மாசி பிறந்தபோது இவருக்கு வாய் சிவந்திருந்தது, வேலைதான் இல்லை.

மாசி பாதியில் ஒரு நாள் ஓடி வந்தார். ஓடக் கூடாத நெஞ்சு. உட்கார வைத்து முதுகைத் தடவிய பிறகுதான் பேச்சு வந்தது.

"வேலை கிடைச்சிட்ச்சிம்மே. அதுவும் நம்ம வேலை."

கடப்பா பக்கத்துப் பாளையக்காரர் ஒருவருடைய காரியஸ்தர் வண்டிகளோடு வந்திருந்தார். தெலுங்கு மனிதர், மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். அவருடைய எஜமானுக்குப் பெரிய ஏரி இருக்கிறதாம், மீன் மண்டிக் கிடக்கிறதாம், பிடிக்கத் தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாதாம். வருகிறவனுக்கு வீடு, சோளம், வேட்டி எல்லாம் உண்டாம்.

"எல்லாம் விசாரிச்சியா?"

"நான் இன்னா பச்சப் புள்ளையா? அடியில சேறா மணலான்னு கேட்டேன். சேறுன்னாரு. எந்தக் காத்துக்கு அலை எழும்பும்னு கேட்டேன். எல்லாக் காத்துக்கும்னாரு. தண்ணி வெளிய போற வழி எங்கன்னேன். கிழக்கால மதகு கீதுன்னாரு. இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை தெரியுமான்னு கேட்டேன். மழைக்காலத்துல தெரியாதுன்னாரு. நம்ம ஏரி மாதிரியேம்மே."

குப்பத்துப் பெரியவர்களும் கூடி யோசித்து, ஒரு மீன்காரன் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டான் என்று தீர்ப்பு சொன்னார்கள். எனக்கும் குறை தெரியவில்லை.

வண்டிகள் திரும்புகிற நாளும், பாடு சீட்டு எடுக்கிற நாளும் ஒரே நாளாக அமைந்தது. சீட்டு காலையில், வண்டி விடியலில். ஒரு நாள் பொறுத்துப் போகலாமே என்றால் அண்ணன் விடவில்லை.

"விடியறதுக்குள்ள கிளம்பிடணும் தம்பி. அப்புறம் வெயில் ஏறிடும்."

"வெயிலுக்குத்தானே மாமா, இவரு போறாரு" என்றேன். அவர் காதில் அது விழவில்லை. அன்றைக்கே எங்கள் கழிகளை எடுத்து, கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி தோணிக்கு வருகிறேன். மீன் பிடிக்கத் தெரிந்த ஆளே இல்லாத ஊரில் தோணி எங்கிருந்து வரும் என்று இவர் யோசித்தார். யோசனை சரிதான். எங்கள் தோணியைக் கடப்பாவுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. முதல் நாள் மத்தியானம் குப்பமே சேர்ந்து தூக்கி ஒரு மாட்டு வண்டி மேல் கவிழ்த்து வைத்தார்கள். முன்பக்கம் மாடுகளின் தலைக்கு மேல் நீண்டிருந்தது, பின்பக்கம் அடுத்த வண்டியின் மாட்டை முட்டியது. வண்டிக்காரன் தெலுங்கில் ஏதோ சொன்னான். நல்ல வார்த்தையாக இருக்காது. பெண்கள் தோணிக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, குலவையிட்டார்கள். மாடுகளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. நிழல் கிடைத்ததே.

நான் மிச்சமிருந்த கருவாட்டை விற்று முடிக்கத் துறைக்குப் போனேன். அங்கே காரியஸ்தர் கூடை கூடையாகக் கருவாடு வாங்கி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் கூடையையும் கேட்டார்.

"எல்லாம் எதுக்குங்கய்யா?"

"எங்க பாளையத்துக்கும்மா. கோடை முச்சூடும் சாப்பிட வேணும் இல்லியா."

நான் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "உங்க ஏரியிலதான் மீன் மண்டிக் கிடக்குதாமே. அப்புறம் எங்க கருவாடு எதுக்கு?"

"ஏரியில மீன் இருக்கும்மா. ஏரி இருக்கறப்ப."

"ஏரி எங்க போவும்?"

அவர் என்னைப் பார்த்து நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பங்குனி வந்தா காஞ்சி போயிடும் இல்லியா. அதுல வெள்ளரி போடுவோம். நல்ல வெள்ளரி."

எனக்குக் கூடை கையில் கனத்தது. எங்கள் ஏரியும் கோடையில் இளைக்கும், வடக்கே சேறு தலைகாட்டும். ஆனால் முகத்துவாரத்தில் கடல் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் ஒரேயடியாகப் போனது கிடையாது. காற்று, அலை, சேறு, மதகு எல்லாவற்றையும் துருவிக் கேட்ட எங்கள் ஆட்களில் ஒருவருக்கும், உங்கள் ஏரியில் எப்போதும் தண்ணீர் இருக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. வீடு பார்க்கப் போகிறவன் தரை இருக்கிறதா என்று கேட்பானா?

"எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைச் சொல்லலியே நீங்க."

"அவரு கேக்கலியேம்மா. காத்தைப் பத்திதான் நெறைய கேட்டாரு."

"இப்போ வந்தா அவருக்கு இன்னா வேலை குடுப்பீங்க?"

அவர் மீசையைத் தடவி யோசித்தார். "வெள்ளரிக்குக் காவல் இருக்கலாம்."

தோணியில் உட்கார்ந்துகொண்டு வெள்ளரிக்குக் காவல். ஒரு நிமிஷம் அதை மனசில் பார்த்தேன். சிரிப்பு வந்தது. பாடு நினைவு வந்ததும் சிரிப்பு நின்றது. விடிந்தால் பாடும் போகும், போன இடத்தில் தண்ணீரும் இல்லை.

"ஏரி எப்போங்கய்யா நெறையும்?"

"ஐப்பசி மழைக்கு. மாசி வரைக்கும் நிக்கும்."

ஐப்பசி முதல் மாசி வரை. என் வீட்டில் பூனைக்குட்டி கத்துகிற அதே மாசங்கள். நான் கூடையைக் கீழே வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"அப்போ மழைக்கு வந்து, மாசியில திரும்பிடட்டும். கோடையில அவருக்கு நீங்க சோளம் அளக்க வேணாம் பாருங்க."

சோளம் மிச்சம் என்றதும் காரியஸ்தரின் மீசை இரண்டு பக்கமும் விரிந்தது. சரி என்றார். நானும் கூடையைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். பிறகு, "தோணிய ஏத்தியாச்சேம்மே. மாலை எல்லாம் போட்டாங்களே" என்றார்.

"மாலை வாடினா இறக்கிடலாம்யா."

காலையில் கோயில் வாசலில் இவர் வந்து நின்றதைப் பார்த்த அண்ணனுக்கு மூச்சு ஏறியது. அது குடும்ப வியாதி என்று அப்போதுதான் தெரிந்தது.

"தோணிய வண்டியில ஏத்தினவன் குடி போனவன்தான். சீட்டு எடுக்கக் கூடாது" என்றார்.

ஊர்ப் பெரியவர் திரும்பித் துறைப் பக்கம் பார்த்தார். அங்கே விடியலிலேயே கிளம்பியிருக்க வேண்டிய வண்டிக்காரன் தோணியை இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். "தோணி எல்லையைத் தாண்டலியேப்பா. ஆளும் இங்கதானே நிக்கிறான்."

"சரி, மழைக்காலத்துல இவன் கடப்பாவுல இருப்பான். அப்போ இவன் பாட்டுல வலை கட்டுறது யாரு?"

அது நியாயமான கேள்வி. பெண்கள் பஞ்சாயத்தில் பேசக் கூடாது. மாமியாரிடம் பேசலாம். அவளுக்குக் காது மந்தம் என்று வைத்துக்கொண்டு உரக்கவே பேசினேன். "அத்தை, மழைக்காலத்துப் பாட்டை மாமாவே கட்டிக்கட்டும். கோடையில மாமாவோட பாட்டை நாங்க கட்டிக்கிறோம்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் மாமியார். ஆனால் ஊருக்கும் கேட்டுவிட்டது.

மழைக்குப் பிறகு வருவதுதான் எங்கள் ஏரியின் நல்ல இறால். அதை விட்டுக்கொடுத்தேன், வயிறு எரிந்தது. ஆனாலும் பாடு எங்கள் பேரில் நின்றது. அண்ணன் இறாலை நினைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் போய்ச் சீட்டை எடுத்தார்.

ஐப்பசியில் தோணி இல்லாமல் கடப்பாவுக்குப் போனார். வலை மட்டும்தான். அங்கே தெப்பம் கட்டிக்கொண்டாராம். மாசியில் நல்ல மூச்சோடு திரும்பி வந்தார். கல் வெடிக்கிற வெயிலை அவர் பார்க்கவே இல்லை, அது தொடங்குவதற்குள் இங்கே வந்துவிட்டார். அங்கே காற்றில் உப்பீரம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் திருப்பாலைவனத்து வைத்தியர், தன் வெயில் வைத்தியம் பலித்தது என்று ஊர் ஊராகச் சொல்லி மீன் சாப்பிட்டார்.

அந்தப் பங்குனியில் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். இவர் கொண்டுவந்த சோளம், வேட்டி எல்லாம் பார்த்திருக்கிறார். இரண்டு தடவை இருமினார். இருமல் தொண்டையிலிருந்து வந்தது, நெஞ்சு வரைக்கும் போகவில்லை.

"எனக்கும் சளியா கீது. உங்க காரியஸ்தர்கிட்ட இன்னொரு ஆளுக்கு வேலை இருக்குமா?"

"இருக்குது மாமா. இப்போவே இருக்குது. வெள்ளரிக்குக் காவல், நல்ல வெயில்ல."

அவர் யோசித்தார்.

"உங்க பாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க உசுருதான் எங்களுக்கு முக்கியம்" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன்.