சட்டைப் பாக்கெட்டுல இருந்த பியூஸ்

சாமி, காத்து, கருப்பு இதெல்லாம் நான் நம்பற ஆளே கெடையாதுங்க. கள்ளக்குறிச்சில இருவது வருஷமா காருக்குக் கரண்டு வேலை பார்க்கறேன். பவர் விண்டோ நின்னா நாலே காரணம். பியூஸ், சுவிட்ச், மோட்டார், இல்லனா கதவு மடங்கற எடத்துல ரப்பருக்குள்ள அறுந்துபோன ஒயர். அஞ்சாவதா ஒண்ணு இருக்குன்னு எவனாவது சொன்னா சிரிப்பேன். இப்ப நீங்க சிரிக்கப் போறீங்க, சிரிங்க.

நாலு வருஷம் முன்னாடி, நல்ல மழை, மத்தியானம் மூணு மணி இருக்கும். மலை மேல இருக்கற கரியாலூர்லேர்ந்து டிரைவர் முருகேசன் வந்தான். பின்னாடி லெப்ட் கண்ணாடி பாதியில நின்னுபோச்சு. உள்ள அவன் பொண்டாட்டி, மடியில பதினோரு நாள் கொழந்த. ஆஸ்பத்திரிலேர்ந்து மொத மொதல்ல வூட்டுக்குப் போறாங்க, சாரல் அது மேலயே அடிக்குது. ரெண்டு கடைக்காரங்க மோட்டாரயும் சுவிட்சயும் மாத்தி விட்டுட்டாங்களாம். நான் டெஸ்ட் லேம்ப எடுத்தேன், பத்தே நிமிஷம், ரப்பருக்குள்ள ஒயர் அறுந்து கெடக்கு. ஒட்டு போட்டேன், கண்ணாடி சர்ருனு ஏறுச்சு. சொல்லிக்கக் கூடாது, ஆனா அதான் என் கை.

ஒட்டு ஈரமா இருந்துச்சு. அதனால கண்ணாடிய முழுசா ஏத்திட்டு, அந்தக் கதவோட பியூஸ புடுங்கி சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினேன். அது இல்லாம அந்தக் கண்ணாடிக்குக் கரண்டே போவாது. என் வேலை நிக்குதான்னு பாக்க நானும் முன் சீட்டுல ஏறிக்கினேன்.

மலை மேல ஒரு வளைவு. பச்சக் கொழந்தய மொத தடவ மேல கொண்டு போறப்ப, பெத்தவ கையால அங்க ஒரு தழை போடணும், அது அவங்க வழக்கம். தழைய அவ கையிலயே வெச்சிருந்தா. நான்தான் வேணாம்னேன். கதவத் தொறந்தா மழை கொழந்த மேல அடிக்கும், ஒட்டும் போயிடும், இன்னொரு நாள் போட்டுக்கலாம், ஓட்டுப்பான்னேன். அவனும் என் பேச்சுக்கு மரியாத குடுத்து ஓட்டிக்கினு போனான்.

வளைவு வந்துச்சு. பின்னால கண்ணாடி மோட்டார் சத்தம். திரும்பிப் பார்த்தா கண்ணாடி ஒரு கை போற அளவு எறங்கியிருக்கு. முருகேசன் பிரேக் அடிச்சான். அவ தழைய வெளிய போட்டா. கண்ணாடி மறுபடி முழுசா ஏறி மூடிக்கிச்சு.

"அண்ணே, நான் சுவிட்ச தொடவே இல்லண்ணே"ன்னா.

நான் பாக்கெட்ட தொட்டேன். பியூஸ் உள்ளதான் இருக்கு. கொழந்த மேல ஒரு சொட்டு விழல.

எறங்குனதுக்குக் கூட கண்ணாடி பாரத்துல வழுக்குச்சுன்னு ஏதாவது சமாளிச்சிடுவேன். ஏறுனதுக்கு இன்னா சொல்றது?

பியூஸ் போட்டுத் தரேன், மறுநாள் கார எடுத்துக்கினு வாடான்னு சொன்னேன், அவன் வரல. அண்ணன் கை வெச்சா கை வெச்சதுதான்னு மலை பூரா சொல்லிக்கினு திரியறான், எனக்கு வேலையும் ஜாஸ்தியாயிடுச்சு. கேக்கறப்ப நெஞ்சு நிமிருது, பொய் சொல்லல. போன மாசம் ஹெட்லைட்டுக்காக அதே கார் வந்துச்சு. அவன் டீ குடிக்கப் போனப்ப பியூஸ் பாக்ஸத் தொறந்து பார்த்தேன். அந்த எடம் இன்னும் காலியா இருக்கு. சுவிட்ச அழுத்துனேன்.

கண்ணாடி ஏறுதுங்க.