சதுர அடிக் கணக்கு

அந்தச் சலவை நிறுவனத்தில் அவளை எல்லோரும் 'சதவீதம்' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே சதவீதம் மேடம். முதுகுக்குப் பின்னால் மேடம் உதிர்ந்துவிடும். டீ எப்படி என்று கேட்டால், "போன வாரத்தவிட இருபது சதவீதம் தண்ணி" என்பாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கணக்குப் போட்டுத்தான் சொல்லியிருப்பாள்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வெளுத்துக் கொடுக்கிற நிறுவனம் அது. ஒரே நீளக் கூடம். வாசல் பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், நடுவில் இஸ்திரி உருளைகள், கடைசியில் கிழிந்ததைத் தைக்கும் பிரிவு. கணக்குப் பிரிவு மட்டும் மேலே, கண்ணாடி அறையில். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

தையல் பிரிவுக்குத் தலைவி அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. கல்யாணமான புதிதில், "வீட்ல உக்காந்து செவத்தப் பாக்காதம்மா, கூட்டல் கழித்தல் வருமில்ல, வா" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட், மதியம் ஒருவர் டப்பாவில் மற்றவர் கை. நாத்தனார் என்றாலே முட்டல் மோதல் என்று நம்புகிறவர்களை இந்த ஜோடி ரொம்ப ஏமாற்றியது. நாத்தனாருக்குச் சண்டை போட நேரமில்லாமல் இல்லை. அதற்கென்றே இஸ்திரி மாஸ்டர் இருந்தார்.

சண்டை ஒரு மூலைக்காக. இஸ்திரிக்கும் தையலுக்கும் நடுவில் நல்ல அகலமாக ஓர் இடம் கிடந்தது. அங்கே செத்துப்போன உருளை இயந்திரம் ஒன்று, சக்கரம் கழன்ற தள்ளுவண்டிகள், முதலாளி ஆசையாக வாங்கி அவர் மனைவிக்குப் பிடிக்காமல் போன ஒரு சோபா. மாஸ்டருக்கும் அந்த இடம் தேவையில்லை, நாத்தனாருக்கும் தேவையில்லை. தேவைக்காகச் சண்டை போட்டிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். கௌரவத்துக்காகப் போட்டதால் வருஷக்கணக்கில் ஓடியது.

பழைய கணக்கு மேலாளர் ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தபோது முதலாளி சதவீதத்தைக் கூப்பிட்டு, "அந்த நாற்காலி உனக்குத்தாம்மா. ஆனா எம்.பி.ஏ. வேணும்னு மாப்பிள்ளை சொல்றாரு" என்றார். மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் பெண்ணைக் கட்டிக்கொண்டு, கூடவே பொது மேலாளர் பதவியையும் கட்டிக்கொண்டவர். பாதி ஃபீஸ் கம்பெனி கொடுக்கும் என்றார் மாப்பிள்ளை. ஒரே நிபந்தனை: வகுப்பில் எழுதுகிற கட்டுரை எதுவானாலும் ஒரு நகல் அலுவலகத்துக்கு வர வேண்டும். பாதி ஃபீஸுக்கு முழு நகல்.

ஆக, நாற்பத்திரண்டு வயதில் அவள் வார இறுதிகளில் மாணவி ஆனாள். மகன் வயதுப் பையன்கள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பின்வரிசையில் தூங்க, முன்வரிசையில் அவள் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மற்ற பாடங்கள் எல்லாம் சுமார்தான். தலைமைப் பண்பு என்று ஒரு பாடம். அதை எடுத்தவரால் வகுப்பில் ஏசியைக்கூட நிறுத்த வைக்க முடியவில்லை. ஆனால் மேலாண்மைக் கணக்கியல் அவளைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் அவள் எழுதியது நடந்து முடிந்ததற்குக் கணக்கு. இதுவோ இனி என்ன செய்யலாம் என்று சொல்கிற கணக்கு. பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவளுக்கு வைத்தியம் பார்க்கும் உரிமை கிடைத்த மாதிரி இருந்தது.

ஆறாவது பாடம், பொதுச் செலவைப் பங்கு போடுவது. கட்டட வாடகை, காவலாளி சம்பளம், மாடி ஏசி, இதெல்லாம் எந்தப் பிரிவின் தலையில் கட்டுவது? இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர்கள் தலையில், சதுர அடிப்படி கட்டலாம் என்றார் பேராசிரியர். அவர் நல்ல மனிதர், நல்ல சட்டையும் போடுவார். "அவங்கவங்க வேலை செய்யற இடத்தையே எடுத்துக்கிட்டுப் பிரிவு வாரியாக் கணக்குப் போட்டுக் கொண்டு வாங்க. கடைசியில பரிந்துரைன்னு ஒரு பக்கம் இருக்கணும். இல்லேன்னா பத்து மார்க் போச்சு."

அடுத்த வெள்ளிக்கிழமை இயந்திரங்கள் நின்ற பிறகு அவள் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மறுமுனையைப் பிடிக்க நாத்தனாரே வந்தாள்.

"இங்கேர்ந்து அந்தத் தூண் வரைக்கும் பிடிங்க அண்ணி."

"தூணோட ஏன் நிக்கற? அதுக்கு அந்தாண்ட இருக்கறது யாருது?"

"அது மாஸ்டர் எடம்னு..."

"யாரு சொன்னா, அவரா? சோபால படுத்துத் தூங்கினா எடம் அவருதாயிடுமா? அளந்து எழுது. இந்த ஒரு தடவையாவது காயிதத்துல நம்ம பேர்ல ஏறட்டும்."

சதவீதம் தயங்கினாள். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று பாடத்தில் எதுவும் சொல்லவில்லை. யாராவது உரிமை கொண்டாடினால் அவர்களுடையதுதான் என்று தோன்றியது. நாத்தனார் சோபாவைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் டேப்பை வைத்துக்கொண்டு வெற்றிக் கொடி நட்டவள் போல் நின்றாள். இழுவை தாங்காமல் முனை நழுவியது. டேப் சரசரவென்று சுருண்டு வந்து சதவீதத்தின் விரலில் அடித்தது.

"வலிக்குதா? எத்தன சதவீதம்?" என்றாள் நாத்தனார்.

இரண்டு பேரும் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். பிறகு மறுபடி அளந்தார்கள்.

கணக்கு ஒரு காசு பிசகாமல் வந்தது. வந்த விடைதான் விகாரமாக இருந்தது. அந்த மூலைக்கும் சேர்த்து வாடகை ஏறியதில், ஒரு கிழிந்த விரிப்பைத் தைக்கும் செலவு புது விரிப்பின் விலையைத் தாண்டிக்கொண்டு போனது. பரிந்துரைப் பக்கத்தில் அவள் வெகுநேரம் பேனாவைக் கடித்தாள். வேறு எந்தப் பிரிவைப் பற்றியும் பரிந்துரைக்க ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தன. பத்து மார்க். கடைசியில், 'தையல் பிரிவைத் தொடர்வது குறித்து நிர்வாகம் யோசிக்கலாம்' என்று எழுதினாள். 'யோசிக்கலாம்' என்பதால் யார் கையும் முறிந்துவிடாது என்று நினைத்தாள்.

வகுப்பிலேயே அதிக மார்க். பேராசிரியர் கட்டுரையைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினார். கணவன் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். அவனைவிட நாத்தனார்தான் தலைகால் புரியாமல் இருந்தாள். பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "எங்க பிரிவ வச்சுதான் எழுதினா. அந்த மூலை எங்களுதுன்னு புரொபசரே கையெழுத்துப் போட்டுட்டாரு. இனிமே மாஸ்டர் வாயத் தெறக்கட்டும், பாக்கலாம்."

கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சதவீதம் அவளிடம் மூச்சு விடவில்லை. அது பேராசிரியருக்கு எழுதியது, அண்ணிக்கு எழுதியது இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மாப்பிள்ளை அழைத்தபோது மேஜைமேல் நகல் இருந்தது. கடைசிப் பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"பிரமாதம் மேடம். நாலு பேரு ஊசியும் நூலுமா உக்காந்து நம்மள இப்படித் தின்னுக்கிட்டு இருந்தாங்கன்னு யாருமே சொல்லலையே."

"சார், அது பாடத்துக்காக எழுதினது."

"அப்ப பாடம் பொய்யா?"

"அப்படி இல்ல சார்."

"கணக்கு தப்பா?"

இந்த இடத்தில் அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். மூலை யாருடையது என்பதே சந்தேகம் சார் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் அவளிடம் யாரும் கணக்குத் தப்பா என்று கேட்டதில்லை. ரோஷம் முந்திக்கொண்டது.

"கணக்கு சரிதான் சார்."

"அப்பறம் என்ன?" என்றார் மாப்பிள்ளை.

மாதக் கடைசியில், சதவீதம் எழுதிய கடைசிப் பக்கத்தைக் காட்டியே தையல் பிரிவை மூடினார்கள். நாத்தனாரும் இன்னும் மூன்று பெண்களும் கணக்குத் தீர்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கணக்குத் தீர்த்த காகிதத்தில் கையெழுத்து சதவீதத்தினுடையது. அது அவள் வேலை. அன்றைக்கும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள். நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அந்த மூலைய சேக்காம இருந்தா?"

"தப்பிச்சிருக்கும் அண்ணி."

"நான்தான் சேக்கச் சொன்னேன்."

"ஆமா."

இரண்டு நிறுத்தம் கழிந்தது.

"மூடச் சொல்லிக் கடைசில எழுதியிருக்காமே. அதுவும் நான் சொன்னேனா?"

நாத்தனார் தன் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தம்பியோடு பேசிவிட்டுப் போவாள். சமையலறைப் பக்கம் வருவதில்லை.

ஒன்பதாவது பாடம் வந்தது. ஒரு பிரிவை மூடலாமா என்று யோசிக்கும்போது, மூடினால் உண்மையில் நின்றுபோகும் செலவை மட்டும்தான் பார்க்க வேண்டும். கட்டடத்துக்கு மொத்தமாக வாடகை கட்டுகிறவர்களுக்கு, ஒரு பிரிவு ஒழிந்தாலும் வாடகை ஒழியாது. அது அடுத்த பிரிவின் தலையில் போய் உட்காரும். பேராசிரியர் வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினார். வழக்கம்போல அதில் இரண்டே பொருள் தயாரிக்கிற ஒரு கம்பெனி. அங்கே யாருக்கும் நாத்தனார் கிடையாது.

வகுப்பு முடிந்ததும் சதவீதம் அவரை நடைக்கூடத்தில் மடக்கினாள்.

"சார், அப்படின்னா நான் எழுதின கட்டுரை தப்பா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஆறாவது பாடத்துக்கு அது சரிம்மா. ஒன்பதாவது பாடத்துக்குத் தப்பு."

"ஒன்பதாவத மொதல்ல நடத்தியிருக்கலாமே சார்."

"ஆறாவது புரியாம ஒன்பதாவது புரியாதும்மா" என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

மறுநாள் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனாள். வாடகை குறையவில்லை என்று காட்டினாள். புது விரிப்பு வாங்கிய செலவு தனி என்று காட்டினாள். கணக்கு சரி என்று சொன்ன அதே வாயால் முடிவு தப்பு என்று சொன்னாள். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. எடுத்த முடிவை மாற்றுவது நிர்வாகத்துக்கு அழகில்லை என்று யாரோ அவருக்கும் பாடம் நடத்தியிருந்தார்கள்.

"மேடம், ஆறாம் பாடத்துல நீங்க மார்க் வாங்கினீங்க, நான் முடிவெடுத்தேன். ஒன்பதாம் பாடத்துக்காக இப்ப அத மாத்தினா, பன்னெண்டாம் பாடத்துல என்ன வருமோ?"

பரீட்சையில் அதே கேள்வி வந்தது: நஷ்டம் காட்டும் பிரிவை மூடலாமா? கூடாது என்று அவள் நான்கு பக்கம் எழுதினாள். முழு மார்க். அந்தப் பதிலில் அவள் போட்ட ஒவ்வொரு வரியும் நாத்தனாரிடம் சொல்ல வேண்டியது, படித்து மார்க் போட்டவர்தான் யாரோ.

பட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது. சுழலும் நாற்காலி. மேலாளராக அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, மிச்சமிருக்கும் பிரிவுகளுக்கு வாடகையைத் திரும்பப் பங்கு போடுவது. "போன தடவ மாதிரியே போடுங்க மேடம். கடைசிப் பக்கத்தையும் மறந்துடாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

அவள் டேப்போடு கீழே இறங்கினாள். தையல் இயந்திரங்கள் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இஸ்திரி மாஸ்டர் கூப்பிடாமலே வந்து மறுமுனையை வாங்கிக்கொண்டார். தூணுக்கு வந்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டார்.

"இன்னும் போங்க மாஸ்டர். சோபாவத் தாண்டி."

"அது எங்க எடமில்ல மேடம்."

"இத்தன வருஷமா உங்க எடம்னுதான சண்ட போட்டீங்க?"

"அது உங்க அண்ணிகூடப் போட்ட சண்ட. எடத்துக்காகவா போட்டேன்? அந்தம்மா இருந்தா இப்பவே எழுதிக் குடுத்துடுவேன், வச்சுக்கட்டும்."

"அப்ப யாரு பேர்ல எழுதறது?"

"உங்க பேர்ல எழுதிக்குங்க. மேலதான் எல்லாம் முடிவு பண்றீங்க." கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. அவருக்குக் கீழே ஏழு பேர் உருளைக்கு விரிப்பு ஊட்டிக்கொண்டே காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கடைசிப் பக்கம்... அதுல எங்களப் பத்தி என்ன எழுதப் போறீங்க மேடம்?"

"இன்னும் எழுதல மாஸ்டர்."

"எழுதாம விட முடியுமா?"

பத்து மார்க் என்று வாய் வரை வந்துவிட்டது. இங்கே மார்க் போடுகிறவர் மாப்பிள்ளை என்று நினைவு வந்து, குனிந்து டேப்பின் எண்ணைப் பார்த்தாள். அவள் குனிந்ததைப் பார்த்து மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார், விஷயம் புரிந்துவிட்டவர் போல. டேப்பின் முனையைக் கையிலிருந்து விட்டுவிட்டு உருளைப் பக்கம் திரும்பிப் போனார்.

டேப் சரசரவென்று சுருண்டு வந்து அவள் விரலில் அடித்தது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்கவில்லை.